முகத்தைப் பார்த்துப் பேசு

ஜெபமணி டீச்சருக்கு இடது காது முழுதாகவும் வலது காது முக்கால்வாசியும் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. அது யாருக்கும் தெரியாது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

ஒரகடத்திலிருந்து வயல் வழியாக இரண்டு மைல் உள்ளே இருந்த ஒரு கிராமத்தின் தொடக்கப் பள்ளிக்கு அவர் தலைமையாசிரியை. ஐந்து வகுப்பு, எண்பத்திரண்டு பிள்ளைகள். ஆசிரியர்கள் என்று அவரும் உதவி ஆசிரியர் கோதண்டராமனும் மட்டும்தான். நாற்பத்து மூன்றாவது வயதில் வந்த டைபாய்டு காய்ச்சல் போகும்போது காதையும் எடுத்துக்கொண்டு போயிற்று. முதலில் ஒரு இரைச்சல், பிறகு சொற்களின் ஓரங்கள் மழுங்கின, பிறகு சொற்களே வருவது நின்றது. வெளியே தெரிந்தால் வேலைக்கு லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். கல்யாணம் செய்துகொள்ளாதவர். தம்பி குடும்பம் கோயம்புத்தூரில் இருந்தது. இந்த வேலையை எடுத்துவிட்டால் அவரிடம் மிச்சம் ஒன்றும் இல்லை.

அதனால் உதடு பார்க்கப் பழகினார். வருகைப் பதிவு எடுக்கும்போது ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் பார்ப்பார். பெற்றோர் வந்தால் அவர்களைப் பேச விடாமல் தானே பேசி முடித்து அனுப்பிவிடுவார். கண்டிப்பான டீச்சர் என்று ஊரில் பெயர். ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவர் குடியிருந்த தெருவில் தலைக்கனம் பிடித்தவர் என்று பெயர். கோயிலில் பாடகர் குழுவில் இருபது வருடம் பாடியவர், சுருதி பிடிபடாமல் போனதும் தொண்டை சரியில்லை என்று சொல்லி நின்றுகொண்டார். கொஞ்ச நாளில் ஞாயிற்றுக்கிழமை போவதையும் விட்டுவிட்டார்.

தொண்ணூற்றொன்றாம் வருடம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூர் எல்லையில் நடந்த தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தபோது ஊரே அந்தச் சத்தத்தைக் கேட்டது. ஜெபமணி தூங்கிக்கொண்டிருந்தார். காலையில் பால் வாங்கப் போனபோதுதான் தெருவெல்லாம் போலீஸ் நிற்பதைப் பார்த்தார். "வூடே அதிர்ந்திச்சே டீச்சர், நீங்க பயந்துட்டீங்களா?" என்று வீட்டுக்கார அம்மாள் கேட்டார். "ஆமா, ரொம்ப" என்றார் ஜெபமணி. அன்று முழுக்க அந்தப் பொய் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. அத்தனை ஜனமும் சேர்ந்து கேட்ட ஒன்றில்கூடத் தனக்குப் பங்கில்லை என்று அன்றுதான் அவருக்கு உறைத்தது.

ஜூனில் நடக்க வேண்டிய தலைமையாசிரியர் பயிற்சி அந்தக் கெடுபிடியில் தள்ளிப் போய் ஆகஸ்டில் வந்தது. ஒன்றிய அலுவலகக் கூட்ட அறையில் மூன்று நாள். ஊனமுற்ற பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளியிலேயே சேர்த்துப் படிக்க வைக்கும் திட்டம், அதற்கான அரசு உத்தரவு, அதில் தலைமையாசிரியரின் கடமை ஆகியவைதான் பாடம். நாற்பது தலைமையாசிரியர்கள் வந்திருந்தார்கள். சென்னையிலிருந்து பயிற்சி கொடுக்க வந்தவர் ரகுபதி, முப்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த ஆள். மீசை இல்லாத முகம். ஜெபமணி முதலில் கவனித்தது அதைத்தான். ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் விழும்படியான இடமாகப் பார்த்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

இருங்காட்டுக்கோட்டைப் பள்ளியிலிருந்து வந்திருந்த லாசர் சார்தான் முதல் கேள்வியைக் கேட்டார். பக்கத்து நாற்காலி என்பதால் ஜெபமணிக்கு அவர் உதடு தெரிந்தது.

"இது சட்டமா சார், ஆர்டரா? சட்டம்னா கோர்ட்டுக்கு இழுப்பாங்க. ஆர்டர்னா ஃபைல்ல போட்டு வெச்சிக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். ரகுபதியும் சிரித்தார்.

"இப்போதைக்கு அரசு உத்தரவுதான் சார். சட்டம் இன்னும் வரலை, வரணும். ஆனா நீங்க ஒரு பிள்ளையத் திருப்பி அனுப்பினா, அந்தப் பிள்ளைக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

ஜெபமணி குனிந்து நோட்டில் ஏதோ எழுதுவது போலப் பாவனை செய்தார். அவர் ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பியவர்.

இரண்டு வருடம் முந்தைய ஜூன் மாதம். செங்கல் சூளையில் வேலை செய்யும் கோவிந்தம்மா தன் மகளைச் சேர்க்கக் கூட்டிக்கொண்டு வந்தாள். மாரிக்கு எட்டு வயது. தலையைச் சுற்றிக் கையைக் கொண்டுபோய் மறுபக்கத்துக் காதைத் தொடச் சொன்னால், அந்தப் பிள்ளை அசையாமல் நின்றது. கோவிந்தம்மா தானே தொட்டுக் காட்டினாள். உடனே மாரியும் தொட்டாள். "காது கேக்காது டீச்சர், ஆனா மூளைக்காரி. ஒருவாட்டி காமிச்சா புட்ச்சிக்குவா" என்றாள் தாய். மாரி அந்த நேரம் முழுக்கக் கண்ணை எடுக்காமல் ஜெபமணியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எப்படிப்பட்டது என்று ஜெபமணிக்குத் தெரியும். இன்னும் ஒரு நிமிடம் அவள் அங்கே நின்றால் தன்னைக் கண்டுபிடித்துவிடுவாள் என்று தோன்றியது. "இது இங்க சரிப்படாது. மெட்ராஸ்ல இதுக்குன்னே ஸ்கூல் இருக்கு, அங்க கூட்டிட்டுப் போ" என்று சொல்லிப் பதிவேட்டை மூடிவிட்டார். சூளையில் கூலிக்குக் கல் அறுக்கிறவள் பிள்ளையை மெட்ராஸுக்கு எப்படிக் கூட்டிப் போவாள் என்று யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை என்பதுதான் உண்மை.

இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளியே மழை பிடித்துக்கொண்டது. பாதிப் பேர் அரைத் தூக்கத்தில் இருந்தார்கள். ரகுபதி முன்னால் வந்து நின்று பேச ஆரம்பித்தார். வழக்கம் போல ஜெபமணி உதட்டைப் படித்தார். காது கேட்காத பிள்ளைக்கு வகுப்பில் ஆசிரியர் எப்படித் தெரிவார், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசினால் அந்தப் பிள்ளை எதை இழக்கிறது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். பிறகு, "சாரல் உள்ளே அடிக்குது, அந்த ஜன்னல் பக்கத்துல இருக்கிறவங்க கொஞ்சம் மூடுங்க" என்றார்.

ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது ஜெபமணிதான். எழுந்து போய் இரண்டு கதவையும் இழுத்துக் கொக்கி போட்டுவிட்டுத் திரும்பினார்.

நாற்பது முகங்களும் அவரையே பார்த்தன.

என்ன தவறு செய்தோம் என்று புரியவில்லை. லாசர் வாயைப் பிளந்தபடி இருந்தார். பின்வரிசையில் ஒருவர் கை தட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். ரகுபதி மட்டும் தட்டவில்லை.

"எப்டி டீச்சர் கண்டுபுடிச்சீங்க?" லாசர் அவர் பக்கம் சாய்ந்து கேட்டார். "அஞ்சு நிமிசமா மனுசன் சத்தமே இல்லாம வாய மட்டும் அசைச்சிக்கினு கீறாரு. எங்களுக்கு ஒரு எழுத்துகூட வெளங்கல."

ஜெபமணி நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் நின்றது அந்த அறையில் மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவருக்கு மட்டும் தெரியவில்லை.

தேநீர் இடைவேளையில் ரகுபதி தம்ளருடன் வராந்தாவுக்கு வந்தார். ஜெபமணிக்கு எதிரே, வெளிச்சம் தன் முகத்தில் படும்படி நின்றுகொண்டார். அப்படி நின்றதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது ஜெபமணிக்குப் புரிந்தது.

"எத்தனை வருஷமா மேடம்?"

"என் அத்தை ஒருத்தங்களுக்குப் பேச்சு வராது. அவங்களோட வளர்ந்தேன். அதுல வந்த பழக்கம்" என்றார் ஜெபமணி. அப்படி ஒரு அத்தை அவருக்குக் கிடையாது.

ரகுபதி தலையாட்டினார். தேநீரைக் குடித்து முடித்தார். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்று மாலை, கேட்கத் தயங்குகிற கேள்விகளைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதித் தரச் சொன்னார்கள். ஜெபமணி வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில், கையெழுத்து அடையாளம் தெரியாமலிருக்கக் கோணலாக ஒரு வரி எழுதி மடித்துப் போட்டார்.

மூன்றாம் நாள் காலை ரகுபதி சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் சொன்னார். கண் தெரியாத பிள்ளைக்குப் பரீட்சை எழுத ஆள் வைக்கலாமா? வைக்கலாம். கால் விளங்காத பிள்ளையைத் தூக்கி வருகிறவருக்குப் படி உண்டா? உண்டு. பிறகு ஒரு சீட்டைப் பிரித்துப் பார்த்து ஒரு கணம் நிறுத்தினார்.

"பிள்ளைக்குக் காது கேட்காவிட்டால் சேர்த்துக்கொள்ள உத்தரவு இருக்கிறது. ஆசிரியருக்குக் கேட்காவிட்டால்?"

அறை சிரிப்பில் குலுங்கியது. மேடை ஓரம் உட்கார்ந்திருந்த கல்வி அலுவலர் முன்னால் குனிந்து, "மெடிக்கல் போர்டுக்கு அனுப்பி, மாலை போட்டு வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்" என்றார். மறுபடி சிரிப்பு.

ரகுபதி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "இந்த உத்தரவுல அதுக்குப் பதில் இல்லை" என்றார் மெதுவாக. இரண்டாவது வரிசையை அவர் பார்க்கவில்லை. "ஆனா கேள்வி நியாயமானது. எழுதினவங்க யாரா இருந்தாலும், தனியா வெச்சிக்க வேண்டாம்."

ஜெபமணியும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்து வைத்திருந்தார். அந்தச் சிரிப்பை முகத்திலிருந்து எடுக்க நேரமாயிற்று.

பயிற்சி முடிந்து போகும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். அவரவர் கிராமத்தில் பள்ளிக்கு வராத ஊனமுற்ற பிள்ளைகளைக் கணக்கெடுத்து ஒரு வாரத்தில் அனுப்ப வேண்டும். சனிக்கிழமை காலை ஜெபமணி ஒரகடம் பஸ் ஏறினார். யார் வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

கோவிந்தம்மா குடிசைக்குப் பின்னால் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"கோவிந்தம்மா, மாரிய ஸ்கூல்ல சேர்த்துக்கலாம்னு வந்தேன். அரசாங்கத்துல உத்தரவு வந்திருக்கு."

கோவிந்தம்மா ஏதோ சொன்னாள். குனிந்து சாம்பலை எடுத்தபடி சொன்னதால் உதடு தெரியவில்லை. கோபமாகச் சொல்கிறாள் என்பது மட்டும் தோளில் தெரிந்தது. ஜெபமணி வழக்கம் போல உத்தேசமாக ஒரு பதிலைச் சொன்னார்.

"ஆமா, திங்கக்கிழமையே அனுப்பலாம்."

கோவிந்தம்மாவின் கை நின்றது. மெல்லத் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னொன்று சொன்னாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்பது ஜெபமணிக்குப் புரிந்தது. இதற்கும் ஒரு பதிலை உத்தேசமாகச் சொல்லிப் பார்க்கலாம். ஆறு வருடமாகச் செய்தது அதுதான். அந்தக் கணத்தில் அது முடியவில்லை. மிகவும் களைப்பாக இருந்தது.

"எனக்குக் காது கேக்காது கோவிந்தம்மா" என்றார். "முகத்தைப் பார்த்துப் பேசு."

அந்தச் சொற்களைத் தன் வாயால் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. தம்பியிடம்கூடச் சொன்னதில்லை.

கோவிந்தம்மா கையைக் கழுவிப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து நேரே வந்து நின்றாள். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். மகளிடம் அப்படித்தான் பேசுவாள் போல.

"மொதல்ல இன்னா கேட்டேன் தெரியுமா? எம்பொண்ணு செத்துப் பூட்டா நீ இன்னா பண்ணுவன்னு கேட்டேன். திங்கக்கெழம அனுப்பலாம்ங்கிற."

ஜெபமணி வாயைப் பொத்திக்கொண்டார்.

"சாவல, கீறா. ஆடு மேய்க்கப் போயிருக்கா." கோவிந்தம்மாவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. "உனக்கே கேக்காது. அப்பால எப்டி டீச்சர் எம்பொண்ண வேணாம்னு சொன்ன? அவ அன்னிக்கி வூட்டுக்கு வந்து நாலு நாளு சோறு துன்னல."

"பயந்துட்டேன்."

"இத்தினிக்காண்டு பொண்ணுகிட்டயா?"

"ஆமா. அவகிட்டதான்."

கோவிந்தம்மா உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மன்னித்தாளா என்று ஜெபமணிக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை எண்ணெய் தடவி வாரிய தலையோடு மாரி பள்ளி வாசலில் நின்றாள்.

அன்று பிள்ளைகள் போன பிறகு ஜெபமணி கோதண்டராமனை உட்கார வைத்துத் தன் காதைப் பற்றிச் சொன்னார். அவர் ஆச்சரியப்படவில்லை.

"எனக்கு மூணு வருஷமா தெரியும் டீச்சர். பசங்களுக்கும் தெரியும். உங்க எதிர்ல வந்து நின்னு பேசணும்னு புதுசா சேர்ற பசங்களுக்கு அவங்களே சொல்லிக் குடுத்துடுவாங்க."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீங்க சொல்லலியே" என்றார் அவர் சங்கடத்துடன். "உங்களுக்கு அது புடிக்காதோன்னு…"

ஜெபமணி அன்று ஒரகடம் வரை யோசித்துக்கொண்டே நடந்தார். ரகசியம் என்று ஆறு வருடமாகத் தான் காத்துக்கொண்டிருந்ததைச் பள்ளியில் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் அவருக்காகப் பொத்திப் பாதுகாத்திருக்கிறார்கள். அதில் ஆறுதலைவிட வலிதான் அதிகமாக இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அத்தனை மாலைகளையும் அப்படித் தனியாகக் கழித்திருக்க வேண்டியதில்லை.

அந்த வாரமே கல்வி அலுவலருக்குத் தன் கைப்பட எழுதினார். மெடிக்கல் போர்டு என்று அக்டோபரில் ஒரு நாள் அரசு ஆஸ்பத்திரியில் காத்திருந்தார். மார்பில் தொங்கவிடும் பெட்டியும் ஒயரும் கொண்ட கருவியைக் கொடுத்தார்கள். அது சொல்லைவிட இரைச்சலைத்தான் அதிகம் கொண்டுவந்தது. "ரேடியோவா டீச்சர்? பாட்டு வருமா?" என்று முதல் வகுப்புப் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். பாடம் நடத்தலாம், தலைமைப் பொறுப்பு வேண்டாம் என்று டிசம்பரில் உத்தரவு வந்தது. கோதண்டராமன் பொறுப்புத் தலைமையாசிரியர் ஆனார். பெரிய மேஜையை அவர் எடுத்துக்கொள்ள மறுத்தார், ஜெபமணியே இழுத்து அவர் பக்கம் போட்டுவிட்டு ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அவமானம் என்று அவர் பயந்திருந்தது வந்துவிட்டது. இரண்டு நாள் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் வழக்கம் போல விடிந்தது.

மாரிக்கு எழுத்து சொல்லிக் கொடுப்பதுதான் அந்த மாதங்களில் அவருடைய பெரிய வேலை. ம-வும் ப-வும் உதட்டில் ஒரே மாதிரிதான் இருக்கும், மாரி என்றாலும் பாரி என்றாலும் வித்தியாசம் தெரியாது. அதை எப்படிக் காட்டுவது என்று ஒரு வாரம் யோசித்தார். பிறகு மாரியின் விரலை எடுத்துத் தன் மூக்கின் மேல் வைத்து "ம" என்றார். மூக்கு அதிர்ந்தது. "ப" என்றார், அதிரவில்லை. மாரி தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள், "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் எழுப்பினாள், சிரித்தாள். நவம்பர் மழையில் வகுப்பறை இருண்டு உதடு தெரியாமல் போனால் இருவரும் வாசல்படிக்கு வந்துவிடுவார்கள். பாடம் இல்லாத நேரத்தில் சும்மா மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பொங்கல் கழிந்ததும் கோவிந்தம்மா வந்தாள். திருவள்ளூர் பக்கம் ஒரு சூளைக்குக் குடும்பத்தோடு போகிறார்கள். "எங்கூட இருக்கட்டும் மாரி, நான் பார்த்துக்கறேன்" என்று ஜெபமணி கேட்டுப் பார்த்தார். கோவிந்தம்மா தலையை ஆட்டிவிட்டாள்.

"புள்ளய வுட்டுட்டுப் போவ முடியாது டீச்சர். அங்க சூளைக்குப் பக்கத்துல ஒரு ஸ்கூலு கீதாம். சேத்துக்குவாங்களா?"

ஜெபமணி ஒரு நாள் விடுப்புப் போட்டு அவர்களோடு போனார். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் வெற்றிலை மென்றபடி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினார். வேண்டாம் என்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. ஜெபமணி உத்தரவின் நகலை அவர் முன்னால் வைத்தார்.

"சார், எனக்குக் காது கேக்காது. சேர்க்க முடியாதுன்னா காரணத்தை எழுதிக் குடுங்க. நான் வாங்கிட்டுப் போறேன்."

அவர் பெட்டியையும் ஒயரையும் பார்த்தார், மாரியைப் பார்த்தார், காகிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து பதிவேட்டைத் திறந்தார்.

மாரியை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். ஜெபமணி ஜன்னல் வழியாகப் பார்த்தார். அவள் புது ஆசிரியையின் வாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவளைக் கூப்பிட்டு விடைபெற வழியில்லை. அவள் திரும்பினால்தான் உண்டு. சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு ஜெபமணி பஸ்ஸுக்கு நடந்தார்.

ஜூனில் சூளை வேலை முடிந்தும் அந்தக் குடும்பம் ஊர் திரும்பவில்லை. பள்ளியில் சத்துணவு சமைக்கும் கிளியம்மாள் கோவிந்தம்மாவுக்கு அக்காள் முறை. அவள்தான் எதிரே வந்து நின்று சொன்னாள்: "அங்கியே தங்கிட்டாங்க டீச்சர். பொண்ணு ரெண்டாப்பு போயிட்டாளாம். பேரு எழுதறாளாம்."

"ரொம்ப நல்லது" என்றார் ஜெபமணி. உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. கிளியம்மாள் அடுப்பைக் கவனிக்கப் போன பிறகு அவர் கொஞ்ச நேரம் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் போட உள்ளே போனார்.